ஒறம்பரை வரும் வீடு

மேக்காட்டுத் தோட்டம், மல்லசமுத்திரம்
20.3.2024

மதிப்புக்குரிய அண்ணி சௌந்திரம் அவர்களுக்கு ஜெகதீஸ்வரன் எழுதுவது.

இங்கே நானும் ஜோதியும் சுகம். பண்ணைக் கோழிகளும் இன்றுவரை சுகம். உங்கள் முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை என்று பண்ணை ஆள் மாதையன் சொன்னான். அப்படியே இருக்கட்டும்.

ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது ஊரார் பார்த்தால் சிரிப்பார்கள். என்ன செய்வது? அண்ணன் கருமாதி அன்று இன்னொரு ஷெட் போட உங்கள் பங்கு நிலத்தைக் கேட்டேன். வந்திருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் தர முடியாது என்றீர்கள். அன்றிலிருந்து நமக்குள் பேச்சில்லை. போன் போட்டால் பேச வேண்டி வரும். அதனால் எழுதி மாதையன் கையில் கொடுத்து விடுகிறேன்.

அண்ணன் போன பிறகு நீங்கள் சேலத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்து வீட்டுக்குக் குடிவந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வந்த நாளிலிருந்து அந்த இடம் காடாகிக்கொண்டே போகிறது. கிளுவை வேலியை வெட்டவே இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. அதற்குள் சாரைப்பாம்பும் கீரியும் குடியிருக்கின்றன. என் ஷெட்டுக்கு ஒட்டி ஒரு தொட்டி கட்டி நீர் நிரப்பி வைத்திருக்கிறீர்கள். காக்காயும் கொக்கும் மயிலும் வந்து குடித்துவிட்டு நேராக என் கூரைமேல் உட்காருகின்றன. போன வாரம் மரநாய் வந்து கூண்டுக்குள் கைவிட்டுக் கோழிகளைக் கடித்துப் போட்டிருக்கிறது. வெளிப் பறவையின் எச்சம் ஒன்று தீவனத்தில் விழுந்தால் போதும், நோய் வந்து பண்ணை முழுவதும் போய்விடும். இது சும்மா சொல்லும் பயம் இல்லை. இந்த வட்டாரத்தில் பண்ணை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேலியை வெட்டி, தொட்டியை மூடி, நாய்களைக் கட்டிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுக்க வேண்டி வரும். அண்ணி மேல் மனு எழுதினான் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

மரியாதையுடன்,
ஜெகதீஸ்வரன்

*

24.3.2024

தம்பி ஜெகதீஸ்வரனுக்குச் சௌந்திரம் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்தது. கோழிகளின் சுகத்தை முதலில் எழுதாமல் ஜோதியின் சுகத்தை முதலில் எழுதியதைப் பார்த்து மனசு குளிர்ந்தது. என் முழங்கால் காலையில் வலிக்கிறது, மத்தியானம் மறந்துவிடுகிறது.

தொட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. எனக்குத் தோன்றாமல் போயிற்று. நாளைக்கே வடக்கு மூலைக்கு, கொடுக்காப்புளி மரத்தடிக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அங்கிருந்து உங்கள் ஷெட் தூரம். வெட்டவெளியில் தானியம் இறைப்பதையும் நிறுத்திவிடுகிறேன். பறவைகளுக்கு மரத்துப் பழமும் புழுவும் போதும்.

வேலியை மட்டும் வெட்டமாட்டேன். வெள்வேல் முள்ளும் கிளுவையும் பின்னிக் கிடக்கிற அந்த நிழலில்தான் கௌதாரி குஞ்சு பொரித்திருக்கிறது. வெளியே போய் நின்று பாருங்கள், சுற்றிலும் எங்கே நிழல் இருக்கிறது? ஒரு பக்கம் பிளாட், ஒரு பக்கம் கம்பி வேலி. இந்த வெயிலுக்கு அதுகளும் எங்கேயாவது ஒதுங்க வேண்டுமல்லவா?

நாய்கள் மூன்றும் ஊசி போட்டவை, கருத்தடை செய்தவை. ராசுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மூன்று காலில் நடப்பவன். சேலம் பைபாஸில் லாரி ஏறி ஒரு கால் போயிற்று. உங்கள் அண்ணன்தான் சட்டையைக் கழற்றிச் சுற்றித் தூக்கி வந்தார். பூனை வெள்ளச்சி தானாக வந்தது. மற்றதெல்லாம் வரும், போகும். கிணற்றில் விழுகிற அணிலும் முயலும் ஏறி வரட்டும் என்று கயிற்று வலை ஒன்று தொங்கவிட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு உடும்பு அதில் ஏறி வந்து என்னை முறைத்துவிட்டுப் போயிற்று.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கிருத்திகா கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவள் விரும்பினவனை அவள் கட்டிக்கொண்டாள். பையன் நம் ஆட்கள் இல்லைதான். அதற்காக ஜோதி பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பாள்?

ஜோதியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
சௌந்திரம்

*

2.4.2024

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு வணக்கம். இங்கே யாவரும் நலம்.

தொட்டியை மாற்றியதைப் பார்த்தேன். நன்றி. பஞ்சாயத்துக்குப் போகவில்லை.

மற்ற விஷயம் கடிதத்தில் வேண்டாம். நேரிலும் வேண்டாம். என்னைக் கேட்காமல் குமாரபாளையத்துக்குப் போனவள் அங்கேயே இருக்கட்டும். இந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
ஜெகதீஸ்வரன்

*

19.5.2024

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியமா? இங்கே நான் நன்றாக இருக்கிறேன்.

வெள்ளச்சி செத்துப்போய்விட்டது. முந்தாநாள் காலையில் வாசல்படியில் வாயில் நுரையோடு கிடந்தது. மல்லசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் எடுத்துப் போனேன். மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கும் என்றார் டாக்டர். ஊசி போட்டும் நுரை நிற்கவில்லை. வரும் வழியில் என் மடியிலேயே அடங்கிவிட்டது.

உங்கள் தீவனக் குடோனில் எலி அதிகம், மருந்து வைத்துத்தான் ஆக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பூனைக்காகச் சண்டை போட நான் எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பேன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அப்படி வைத்துக்கொண்டதே நிறைய இருக்கிறது.

அதனால் சொல்லிவிட்டேன். வேறொன்றும் இல்லை.
சௌந்திரம்

*

28.7.2024

அண்ணி அவர்களுக்கு,

இரண்டு மாதமாக உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மாதையன் கையில் அட்டைப்பெட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே கோட்டான். குடோன் மேல் கட்டின வலையில் ராத்திரி மாட்டியிருக்கிறது. இறக்கை ஒரு பக்கம் தொங்குகிறது. மாதையன் கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "ஏனுங்க, அடிச்சுப் போட்டரலாமுங்களா? கோட்டான் ஊட்டுப் பக்கம் வந்தா ஆகாதுங்க" என்றான். நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வலையை அறுத்து விடுவித்தபோது கையில் வந்தது. அத்தனை பெரிய பறவை, கையில் எடுத்தால் கனமே இல்லை. மாவு பூசின மாதிரி முகம். கத்தவில்லை, கொத்தவில்லை. என்னையே பார்த்தது.

உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். என்ன செய்வதோ செய்யுங்கள்.

ஜெகதீஸ்வரன்

*

30.7.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீங்களும் ஜோதியும் நலம்தானே? நான் நலம். நீங்கள் அனுப்பிய ஆளும் உயிரோடு இருக்கிறது.

இது கோட்டான் இல்லை, கூகை என்கிற வெள்ளை முக ஆந்தை. வனத்துறை ஆபீசுக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் சொல்லி நாமக்கல்லிலிருந்து ஒரு கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார்கள். சின்ன வயசுப் பெண், பேர் சௌமியா. எலும்பு ஒரு இடத்தில் விட்டிருக்கிறது, கட்டுப் போட்டால் கூடிவிடும். ஆனால் வலையில் பிய்ந்த பெரிய இறகுகள் முளைத்து வரச் சில மாதம் ஆகும், அதுவரைக்கும் விட முடியாது என்றார்கள். உங்கள் கவலை எனக்குத் தெரியுமாதலால் கோழிக்கு வருகிற நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மாதிரி எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு இல்லை என்று போன் செய்தார்கள். அது தெரிந்த பிறகுதான் இந்தக் கடிதம். பழைய மாட்டுக் கொட்டகையை வலையடித்து அதற்கு அறையாக்கிவிட்டேன். அந்தப் பக்கம் நான் மட்டும்தான் போகிறேன். போய்வந்தால் காலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் மறு வேலை.

ஒரு சங்கடம். கோழிக்கறி போட்டால் திரும்பிக்கொள்கிறது. எலி வேண்டும். மருந்து தின்னாத எலி.

கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.
சௌந்திரம்

*

18.8.2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

இங்கே நலம். முழங்காலுக்குத் தைலம் மாதையனிடம் கொடுத்திருக்கிறேன். சூடு பண்ணித் தேய்க்கவும்.

நீங்கள் கேட்ட அன்றே குடோனில் மருந்து வைப்பதை நிறுத்திவிட்டேன். எலிக்கூண்டு வாங்கி வைத்திருக்கிறோம். தினமும் விழுகிறது, மாதையன் கொண்டுவருகிறான், நீங்களும் பார்க்கிறீர்கள். மருந்து வைத்த காலத்தில் இத்தனை எலி பிடிபட்டதே இல்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சும்மா சொல்கிறேன்.

அது தின்கிறதா? முழுசாக விழுங்குமா, பிய்த்துத் தின்னுமா? மாதையனைக் கேட்டால், "அத நான் நின்னு பாக்கலீங்க, பயமா இருக்குதுங்க" என்கிறான்.

ஒன்று சொல்ல வேண்டும். மத்தியானச் சோறு போட்டுவிட்டு ஜோதி வீட்டில் இருப்பதில்லை. திரும்பி வரும்போது முந்தானையில் கொடுக்காப்புளி இலை ஒட்டியிருக்கிறது. எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்குகிறது அவளுக்கு. அது போதும். ஆனால் திரும்பி வரும்போது காலைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பண்ணைக்குள் வருகிற ஆள் அல்லவா?

ஜெகதீஸ்வரன்

*

15.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கொடுத்தனுப்பிய தைலம் நல்ல குணம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? காலையில் நடக்கிறீர்களா?

முழுசாக விழுங்குகிறது. தலையை மேலே தூக்கி இரண்டு தடவை குலுக்கும், வால் மட்டும் சித்த நேரம் வெளியே தொங்கும், பிறகு அதுவும் போய்விடும். மறுநாள் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பார்க்க அருவருப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. குழந்தை மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறது.

கட்டு அவிழ்த்தாயிற்று. தரையிலிருந்து மூங்கில் கம்புக்குத் தாவுகிறது. சௌமியா டாக்டர் அதனோடு பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனுஷரிடம் பழகிவிட்டால் வெளியே பிழைக்காதாம். அதனால் நான் வாயை மூடிக்கொண்டு எலியை வைத்துவிட்டு வருகிறேன். என்னைத் தெரிந்த உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

மழை இரண்டு தடவை பெய்ததில் வடக்கு மூலைத் தொட்டியில் தவளை வந்துவிட்டது. தவளையைத் தேடி நீர்ச்சாரை வந்திருக்கிறது. வந்த இரண்டாம் நாள் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தது. நான் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினேன், போய்விட்டது. வாசல் விளக்கை இப்போது போடுவதில்லை. பூச்சிகள் விளக்கில் விழுந்து சாகாமல் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, அதைத் தின்ன வௌவால் வருகிறது.

ஜோதி வந்து தொட்டியடியில் உட்கார்ந்திருப்பாள். முன்பெல்லாம் அழுவாள். இப்போது, "அக்கா, அந்தச் செம்போத்து இன்னைக்கு சோடியோட வந்துச்சு பாருங்க" என்கிறாள். எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கிறார்கள். சமைக்க வேண்டும். இத்துடன் முடிக்கிறேன்.
சௌந்திரம்

*

20.10.2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

சர்க்கரை குறைந்திருக்கிறது. நடக்கிறேன். வேலியோரமாகத்தான் நடப்பது. அங்கேதான் நிழல்.

நேற்று ஷெட் கூரையில் தகரம் மாற்ற ஏணியில் ஏறினேன். உங்கள் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு மஞ்சள் சுடிதார். திருச்செங்கோட்டில் நான் எடுத்துக் கொடுத்ததைப் போலவே இருந்தது. அந்த மாதிரி துணி கடையில் எத்தனையோ இருக்கும். கீழே இறங்கிவிட்டேன்.

முட்டை லோடு ஏற்ற வருகிற லாரிக்காரர்களிடம் உங்கள் வீட்டுப் பக்கம் ஹாரன் அடிக்கக் கூடாது, டேப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கோட்டானுக்குச் சத்தம் ஆகாது. பகலில் தூங்குகிற ஜீவன்.

மாதையனிடம் ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டை கொடுத்திருக்கிறேன். பண்ணை முட்டை இல்லை, வாசலில் மேய்கிற கோழி போட்டது. ஒரு கட்டு முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் இருக்கிறது. கோட்டான் இதெல்லாம் தின்னாது என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்காவது ஆகும்.

மழைக்காலம். தரை வழுக்கும். வாசலில் சாக்குப் போட்டு வைக்கவும். நடக்கிறவர்கள் பார்த்து நடக்கட்டும்.

ஜெகதீஸ்வரன்

*

10.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

முட்டையும் கீரையும் யாருக்கு ஆக வேண்டுமோ அவளுக்கு ஆயிற்று.

இனியும் சுற்றி வளைத்து எழுத எனக்கு முடியவில்லை. கிருத்திகா ஆவணிக் கடைசியிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது ஏழாம் மாசம். அவள் புருஷன் ஜீவானந்தத்துக்குச் சூரத்தில் ஜவுளி வேலை, பொங்கல் வரைக்கும் அங்கேதான். மாமியார் இல்லாத வீடு. அவன்தான் என்னைக் கூப்பிட்டு, "பெரியம்மா, இவ தனியா இருந்தா எனக்கு அங்க வேலையே ஓடாதுங்க, நீங்க சொல்லுங்க, எங்க விட்டுட்டுப் போகட்டும்?" என்றான். இங்கே கொண்டுவந்து விடு என்றேன். அம்மா நடந்து வந்து பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று அவளும் ஆசைப்பட்டாள். நான் ஒளிக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும் என்பது முட்டைக் கூடையைப் பார்த்த அன்றே அவளுக்கும் தெரிந்துவிட்டது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது கூகை விஷயம். இறகு முளைத்துவிட்டது. கொட்டகைக்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சத்தமே இல்லாமல் பறக்கிறது. இனி வைத்திருக்கக் கூடாது என்கிறார்கள் சௌமியா டாக்டர். எங்கே அகப்பட்டதோ அங்கேயேதான் விட வேண்டுமாம். அது பழகின இடம் அதுதான். உங்கள் குடோன். அங்கே உயரத்தில் ஒரு மரப்பெட்டி மாட்டினால் தங்கும், எலியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் உங்கள் கோழிகளை நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். கோழி ஷெட்டிலிருந்து குடோன் தள்ளித்தான் இருக்கிறது, தீவனத்தை மூடி வைத்தால் போதும் என்கிறார்கள் அவர்கள். முடிவு உங்களுடையது. முடியாது என்றால் நான் வருத்தப்படமாட்டேன், வேறு இடம் பார்ப்போம்.

அதை விடுகிற அன்று தானும் வரலாமா என்று கிருத்திகா கேட்கிறாள். உங்களுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். அது நான் சொல்கிற பதில் இல்லை.

சௌந்திரம்

*

24.11.2024

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். பெட்டி அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாம். நானே அடிக்க வேண்டும் என்று தோன்றியது. முதல் பெட்டிக்கு வாசல் சின்னதாகப் போயிற்று. இரண்டாவது கோணல். மூன்றாவது பரவாயில்லை. குடோன் முகட்டில் மாட்டியாயிற்று. தீவன மூட்டை மேலெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். அந்தப் பழைய வலையையும் எடுத்துவிட்டேன்.

ஜோதி கட்டுச்சோறு கட்ட வேண்டும் என்கிறாள். பெண்ணுக்கு ஏழாம் மாசம் நடந்துகொண்டிருக்கும்போது பெற்றவர்கள் கட்டாமல் வேறு யார் கட்டுவது என்று என்னிடம் சத்தம் போட்டாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டில் சத்தம் கேட்டது. அந்தப் பையன் சூரத்திலிருந்து இரண்டு நாள் லீவு போட்டு வர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். போன் நம்பர் என்னிடம் இல்லை.

கிருத்திகா வரலாமா என்று கேட்டிருக்கிறாள் என்று எழுதினீர்கள். அதற்குக் கடிதத்தில் பதில் சொன்னால் நன்றாக இருக்காது. நாளைக்குக் காலையில் நானே வாரேன்.

ஜெகதீஸ்வரன்

*

9.2.2025

அயோத்தியாப்பட்டணத்தில் தங்கை வீட்டில் இருக்கும் என் அண்ணி சௌந்திரம் அவர்களுக்கு ஜெகதீஸ்வரன் எழுதுவது.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உங்கள் தங்கை போனில் சொன்னார். கட்டு அவிழ்த்தாலும் கொஞ்ச நாளைக்குக் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாதாம். ஆதலால் இதை நீங்கள் படிக்க வேண்டாம், அவரை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்களுக்கு எழுதி எழுதி எனக்கு இது வசமாகிவிட்டது. வாயில் வராதது கையில் வருகிறது.

உங்கள் வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையிலும் சாயந்திரமும் நான்தான் போய்வருகிறேன். போகும்போதும் வரும்போதும் கால் கழுவுகிறேன், செருப்பையும் அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஒரு சோடி வைத்திருக்கிறேன். தொட்டியைக் கழுவி நீர் நிரப்பிவிட்டேன். உங்கள் மயில் என்னைக் கண்டால் ஓடுகிறது. பரவாயில்லை. கிணற்றுக் கயிற்று வலை ஒரு பக்கம் இற்றுப்போயிருந்தது, புதிதாகக் கட்டினேன்.

கூகைக்குச் சோடி கிடைத்துவிட்டது. இருட்டுகிற நேரத்தில் பெட்டி வாசலில் இரண்டு வெள்ளை முகம் தெரிகிறது. மாதையன் இப்போது அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். ஏன் என்று கேட்டால், "எலிய எல்லாம் அதுகளே பாத்துக்குதுங்க, எனக்குக் கூண்டு தூக்கற வேல மிச்சமுங்க" என்கிறான்.

எங்கள் வீட்டில் பேரன் நன்றாக இருக்கிறான். பால் குடிக்கிறான், தூங்குகிறான். ஜீவானந்தம் பொங்கலுக்கு வந்தவர் திரும்பிப் போக மனசில்லாமல் இருக்கிறார். குமாரபாளையத்திலேயே தறி போடுகிற யோசனை என்றார். நல்லது என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் கொட்டகைக்கு ஓலை மாற்றினோம். அது பேச்சைவிடச் சுலபமாக இருந்தது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் வாரேன் என்று எழுதிவிட்டு வந்த அன்று, என்னைப் பார்த்ததும் நீங்கள் பால் கறக்கப் போகிறேன் என்று பின்பக்கம் போய்விட்டீர்கள். உங்களிடம் மாடே இல்லை என்பது பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதன் பிறகு வாசலில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஜோதியிடமும் சொன்னதில்லை.

ராசு மூன்று காலில் ஓடி வந்து என்னைப் பார்த்துக் குரைத்தான். நான் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து கிருத்திகா வந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, மெதுவாக. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து அவளும் நின்றாள். பிறகு நாயைப் பார்த்து, "ராசு, சும்மா இரு. அது என்ற அப்பாடா" என்றாள்.

வழியெல்லாம் என்னென்னவோ பேச நினைத்துக்கொண்டு வந்தேன் அண்ணி. "சாப்புட்டியா சாமி?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"இல்லீங்கப்பா. நீங்க வருவீங்கன்னு பெரியம்மா இட்லி ஊத்தி வெச்சிருக்காங்க. வாங்க" என்றாள்.

அன்று சாயந்திரம் கூடையைத் திறந்து கூகையை விட்டபோது எல்லோரும் ஏதோ பேசினீர்கள், நான் மட்டும் ஒன்றும் பேசவில்லை என்று ஜோதி இன்றைக்கும் குறை சொல்கிறாள். அன்றைக்குப் பேச வேண்டியதைக் காலையிலேயே பேசி முடித்துவிட்டேன். அதனால்தான்.

இன்னொரு சேதி. முந்தாநாள் யாரோ உங்கள் கேட் அருகில் ஒரு நாய்க்குட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கறுப்பு, காது மட்டும் பழுப்பு. உடம்பெல்லாம் உண்ணி. நீங்கள் இல்லாத நேரத்தில் நான் என்ன செய்வது? வெளியே ரோட்டில் விட்டால் லாரி. கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் மருந்து போட்டுக் கொண்டுவந்தேன். கிருத்திகா பால் ஊற்றினாள். ராசு முதலில் உறுமினான், இப்போது பக்கத்தில் படுக்க விடுகிறான். உங்கள் வீட்டில் விட்டால் ராத்திரி தனியாகக் கத்துகிறது என்று எங்கள் வீட்டு முன்னறையில் சாக்கு விரித்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் வரும்வரைக்கும்தான் என்று ஜோதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கிறாள்.

உடம்பு தேறியதும் சொல்லுங்கள். நானும் ஜீவானந்தமும் கார் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இதை எழுதும்போது அந்தக் குட்டி என் கால்மேல் படுத்துத் தூங்குகிறது. எழுந்தால் விழித்துக்கொள்ளும். அதனால் இன்னும் சித்த நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்
ஜெகதீஸ்வரன்